பெயர்த் தகடு

1

கீழ்பென்னாத்தூரில் செஞ்சி சாலையை ஒட்டி, மல்லாட்டை மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளுக்கு அப்பால் ஒரு பட்டறை இருக்கிறது. டிராக்டர், டெம்போ, நெல் அறுக்கும் யந்திரம் என்று எது வந்தாலும் அங்கே பார்ப்பார்கள். போன வருஷம் முழுவதும் அதன் வாசலில், புங்க மரத்தின் கீழ், தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நின்றிருந்தது. தார்ப்பாயை எடுத்தால் ரத்தச் சிவப்பு. கூரை கிடையாது. இரண்டே கதவுகள். இருக்கைகளுக்குப் புதிய தோல். சாயங்காலம் மேற்கே அண்ணாமலை கறுத்துக்கொண்டு வரும் நேரத்தில் அதன் பளபளப்பில் மலையின் விளிம்பு தெரியும். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பையன்கள் அதில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம். என் மோட்டார் சைக்கிளை இருபது வருஷமாக உயிரோடு வைத்திருப்பவர். ஒரு நாள் சொன்னார்: "சார், நீங்கதான் எழுதறவராச்சே. இதை விக்கணும். நாலு வரி எழுதிக் குடுங்க. பழைய சரித்திரம் கொஞ்சம் சேத்துப் போட்டீங்கன்னா பாண்டிச்சேரி ஆளுங்க வாங்குவாங்க."

எழுத ஆரம்பித்து இத்தனை காலத்தில், உபயோகம் கருதி ஒருவர் என்னிடம் எழுத்துக் கேட்டது அதுவே முதல் தடவை. இதைப் படிக்கிறவர்களில் பலருக்கும் அந்த அனுபவம் வாய்த்திருக்காது என்று நினைக்கிறேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். முதல் வரியை அவரே யோசித்து வைத்திருந்தார்: "பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1965, முழுவதும் புதுப்பிக்கப்பட்டது."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அந்த வரியில் வருஷத்தையும் 'கார்' என்ற சொல்லையும் தவிர மற்ற எதையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வண்டி ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் செய்யப்பட்டது. அதன் மூக்கில் இப்போது 'ட்ரையம்ஃப்' என்ற வெள்ளி எழுத்துகள் இருந்தன. அவற்றை எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். எஞ்சின் அறைக்குள் இருந்த கம்பெனித் தகடு, சென்னையின் பெயர் பொறித்தது, கழற்றப்பட்டு, பழைய திருகுகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

ஒரு காரைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இங்கே இத்தனை நாளும் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டை ஒரு பட்டறை வாசலில் எனக்கு நேர்ந்தது, அவ்வளவுதான்.

2

முதலில் 'ஸ்போர்ட்ஸ்'.

இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் 1903-ல் ரெஜினால்ட் மாட்ஸ்லே என்பவர் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியை ஆரம்பித்தார். (அதே 1903-ல் சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் க்ரீன் ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டினார் என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது. யந்திரம் என்பது முற்றும் வேறெங்கோ முளைத்து நம்மிடம் வந்து சேர்ந்தது என்ற எண்ணம் நம் எழுத்தாளர்களிடையே அளவுக்கு மீறி இருக்கிறது.) அதே காவன்ட்ரியில் ட்ரையம்ஃப் என்ற கம்பெனி சைக்கிளில் ஆரம்பித்து, மோட்டார் சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் வளர்ந்தது. கார்களில் அது நொடித்தது. 1940-ன் குண்டுவீச்சில் அதன் கட்டடங்களும் சிதைந்தன. யுத்தம் முடியும் தறுவாயில் ஸ்டாண்டர்ட் கம்பெனி அதன் பெயரையும் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டது. ஆக, ட்ரையம்ஃப் என்ற பெயர் அப்போதே ஒரு புதுப்பிப்புதான்.

யுத்தத்துக்குப் பின் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் அதிகம் பேசப்பட்ட பொருள் கார் அல்ல. ஹாரி ஃபெர்குஸனின் சிறிய சாம்பல் நிற டிராக்டர். அந்த டிராக்டரில் 1947 முதல் ஸ்டாண்டர்ட் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதே குடும்பத்து எஞ்சின் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரிலும் போயிற்று. அதன் அமைப்பை நம் ஊர்ப் பட்டறைகள் நன்றாக அறியும்: சிலிண்டரின் உட்சுவர் தனிக் குழாயாக வார்க்கப்பட்டு, சுற்றிலும் தண்ணீர் ஓடும்படி உள்ளே இறக்கப்பட்டிருக்கும். லைனர் என்பார்கள். தேய்ந்தால் குழாயை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி உழலாம். வான்கார்டில் அந்தக் குழாயின் உள்விட்டம் 85 மில்லிமீட்டர்; எஞ்சினின் கொள்ளளவு 2088 சி.சி. அதை 83 மில்லிமீட்டர் ஆக்கினால் 1991 சி.சி. அதாவது 2 லிட்டருக்குள் அடங்கும் பந்தயப் பிரிவுக்குள் வந்துவிடும். அப்படித்தான் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 பிறந்தது. 1953 மே மாதம் பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற ஊர்ச் சாலையில் கென் ரிச்சர்ட்ஸன் அதை மணிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டிக் காட்டினார். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம் மனத்தில் எழும் அந்தத் தாழ்ந்த, திறந்த, இரைகிற உருவத்தின் நெஞ்சில் இருந்தது உழவு யந்திரத்தின் உறவுக்காரன்.

அடுத்து வந்த ஸ்பிட்ஃபயரின் கதையும் இதேதான். 1953-ல் ஸ்டாண்டர்ட் 'எய்ட்' என்ற சிக்கனக் காருக்காக 803 சி.சி.யில் ஒரு சிறிய எஞ்சின் செய்தார்கள். 'டென்' காரில் அது 948 ஆயிற்று. 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டிலும் அதே 948. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, எஞ்சினை 1147-க்குப் பெருக்கி, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று வெளியிட்டார்கள். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. மாதச் சம்பளக்காரனுக்கென்று செய்த எஞ்சின் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுக்குப் போன சரித்திரம் இது.

ஆகவே கீழ்பென்னாத்தூர்க் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வது முற்றும் பொய் என்று சொல்லிவிட முடியாது. அது ஸ்பிட்ஃபயரின் தாய். தாயை மகளின் பெயரால் விற்கப் பார்த்தார்கள், அதுதான் பிசகு. கூரையைக் கழற்றியதிலும் பெரிய மோசடி எதுவுமில்லை. ஹெரால்டின் கூரை மரையாணிகளால்தான் பிணைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் கம்பெனியே கூரையில்லாத ஹெரால்டும் செய்து விற்றது. கழற்றிய கூரையைப் பட்டறைக்காரர் தூக்கி எறியவில்லை. கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். அதன் நிழலில் ஒரு பெட்டைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெரால்டுக்கு நிஜமாகவே ஒரு பந்தயச் சரித்திரம் உண்டு, அதுவும் நம்மிடையே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் க்ளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. உயர்ந்த யந்திரங்களோடு ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. உடைத்து, இழைத்து, எடையைக் குறைத்து, உள்ளூர்ப் பட்டறைகள் தயாரித்த வண்டிகள் அவை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்த பிறகு சோழவரம் பெயரளவில் நினைவாயிற்று. 'ஸ்போர்ட்ஸ்' என்று எழுதத்தான் வேண்டுமென்றால் ஜாபெக் வரை போக வேண்டியதில்லை. சோழவரம் போதும். ஆனால் சோழவரத்தின் பெயருக்குப் பாண்டிச்சேரியில் விலை கிடையாது.

3

அடுத்து 'பிரிட்டிஷ்'.

இந்தச் சொல் காவன்ட்ரியிலேயே அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ட்ரையம்ஃபைத் தொடங்கிய ஸீக்ஃப்ரீட் பெட்மன் நியூரம்பெர்க்கில் பிறந்த ஜெர்மானியர். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் உருவம் வரைந்த ஜொவான்னி மிகெலொத்தி தூரின் நகரத்து இத்தாலியர். ஹெரால்டின் உடல் ஏன் துண்டுதுண்டாக மரையாணியால் கோத்ததாக இருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரே கூடாக உடலை அச்சடித்துத் தரக்கூடிய ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஸ்தாபனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழியின்றி ஸ்டாண்டர்ட் பழைய முறைக்கே, தனி அடிச்சட்டத்தின் மேல் சிறு சிறு தகடுகளைப் பூட்டுகிற முறைக்கே, திரும்பிற்று. இயலாமையில் பிறந்த இந்த அமைப்பு வேறொரு வாசலைத் திறந்தது. பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பினால் தூரதேசத்தில் பெரிய அச்சு யந்திரங்கள் இல்லாமலே பூட்டிவிடலாம். பெருங்களத்தூருக்கு ஹெரால்ட் பொருந்தி வந்ததில் இதற்குப் பங்குண்டு.

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இண்டியா 1948-ல் சென்னையில் அமைந்தது. முதலில் வான்கார்டைப் பூட்டினார்கள். அப்போது நம் நாட்டில் காரைப் பூட்டிக்கொடுத்த கம்பெனிகள் பல. 1953-ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கட்டும் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் செய்ய மிஞ்சியவர்களில் மூன்று பேர் முக்கியம். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். மூன்றும் மொழிபெயர்ப்புகள். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் அம்பாஸிடர் ஆயிற்று. ஃபியட் 1100 பின்னாளில் பத்மினி ஆயிற்று. ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆயிற்று.

மொழிபெயர்ப்பு என்ற சொல்லை அலங்காரத்துக்காக நான் சொல்லவில்லை. முதலில் மூலத்தை ஒட்டியே நடந்தார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு மூலத்தில் இல்லாததை எழுதத் துணிந்தார்கள். ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின்னால் ஏறும் பெரியவர்கள் முன் இருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். புடவை கட்டிய பெண்களும் வேட்டி கட்டிய பெரியவர்களும் குடும்பமாகப் போகிற ஊரில் அது நடக்காது. அறுபதுகளின் பிற்பகுதியில் பெருங்களத்தூர் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. காவன்ட்ரி அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் ஊசலாடும். எங்கள் பட்டறைக்காரர் பாஷையில், "பின்னாடி நாலு பேர் ஏறினா கால் அகட்டிக்கும்." 1971-ல் இங்கிலாந்தில் ஹெரால்ட் நின்றுபோயிற்று. இங்கே 1972-ல் அந்த ஊசலை நீக்கி, முழு அச்சுள்ள பின்புறத்தோடு 'கேஸல்' என்று ஒரு காரை வெளியிட்டார்கள். உருவத்தையும் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். அது சொற்ப எண்ணிக்கையில் 1977 வரை ஓடிற்று. சந்தையில் அது தோற்ற காரணங்கள் வேறு. மூலத்தின் பிழையைத் திருத்துகிற தன்னம்பிக்கை ஒரு மொழிபெயர்ப்புக்கு வந்த இடம் அது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இனி அந்தப் பெயர். 'ஸ்டாண்டர்ட்' என்று மாட்ஸ்லே வைத்தபோது, பரிசோதித்துத் தேறிய தரம் என்பது பொருள். ஐம்பதுகளின் முடிவில் இங்கிலாந்தில் அச்சொல் இறங்கிப்போயிற்று. 'டீலக்ஸ்' அல்லாதது, சாதாரணம், மட்டரகத்துக்கு ஒரு படி மேல் என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது. தன் சொந்தப் பெயரைக் கண்டே கம்பெனி கூசிற்று. வாங்கிய பெயரான ட்ரையம்ஃபை முன்னே வைத்தது. 1963-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் வருவது நின்றது. தமிழ்நாட்டிலோ அதே சொல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டான துணி, ஸ்டாண்டர்டான ஆள் என்று இன்றைக்கும் சொல்கிறோம். காவன்ட்ரியில் செத்த பெயர் பெருங்களத்தூரில் இன்னும் 25 வருஷம் உயிரோடிருந்தது.

1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்ற, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய, நீண்ட அழகிய உடல். ஆனால் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது 1991 சி.சி. எஞ்சின். ஆம், அதே 1991. உழவு யந்திரத்தின் உறவாகப் பிறந்து, டி.ஆர்.2-ல் பந்தயம் ஓடி, பெருங்களத்தூரில் வேன்களை இழுத்துக்கொண்டிருந்த அந்த வம்சம், ரோவரின் பட்டாடையை உடுத்திக்கொண்டு கடைசியாக ஒருமுறை வெளியே வந்தது. கனமான உடல், கிழட்டு நெஞ்சு, பெட்ரோலுக்குப் பெரும்பசி, எல்லாவற்றுக்கும் மேலாக விலை. 1983-ல் வந்துவிட்ட மாருதியின் முன் அது நிற்கவில்லை. 1988-ல் எல்லாம் முடிந்தது. உலகில் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் தாங்கிய கடைசிக் கார்கள் சென்னையில் செய்யப்பட்டவை. காவன்ட்ரியில் தொடங்கிய ஒரு வாக்கியத்தின் முற்றுப்புள்ளி ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் விழுந்தது.

இப்போது அந்தப் பெயரையும் கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டாயிற்று.

4

கடைசியாக, 'புதுப்பிக்கப்பட்டது'.

பட்டறைக்காரர் தன் வேலையைப் பற்றிச் சொன்னதை மரியாதையோடு கேட்டேன். வண்டியை அவர் வாங்கியபோது தரைத்தகடு முழுக்க அரித்து, சாலை தெரிந்ததாம். அடிச்சட்டத்தை மணல் பீய்ச்சித் துருவெடுத்தார்கள். பாகங்களுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்குப் பதினொரு தடவை போய் வந்தார். கிடைக்காததை லேத்தில் கடைந்தார். டிங்கரிங் மட்டும் ஏழு மாதம். கைவேலையின் நேர்த்தியில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "இடது கதவோட உள் அட்டையைப் பிரிச்சப்ப உள்ள தகட்டுல பென்சில்ல யாரோ எழுதியிருந்தாங்க சார். தமிழ்லதான். 'வ'ன்னு ஒரு எழுத்து, ஒரு தேதி. சரி பார்த்தவன் போட்டுருப்பான் போல. தேச்சுட்டு ப்ரைமர் அடிச்சுட்டோம்."

எனக்கு என்னவோ செய்தது. என்ன தேதி என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை.

திருவண்ணாமலைக் கோயில் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் பஸ்ஸில் அரை மணிப் பொழுதுதான். அதன் சுவர்களில் சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் வெட்டிய எழுத்துகள் நூற்றுக்கணக்கில் உண்டு. விளக்குக்கு ஆடு கொடுத்தவன் பெயர், நந்தவனத்துக்கு நிலம் விட்டவள் பெயர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் பெயர். தமிழ்நாட்டில் கோயில் கோயிலாகத் திருப்பணி நடந்த ஒரு காலத்தில், அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சிக் கல்லைப் 'புதுசு' ஆக்கினார்கள். கல் வெளுத்தது. அநேக இடங்களில் எழுத்து மழுங்கிற்று. ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் கூச்சல் போட்ட பிறகே அது மட்டுப்பட்டது. அதைச் செய்தவர்கள் யாரும் கோயிலுக்கு விரோதிகள் அல்லர். பக்தியில்தான் செய்தார்கள். அழுக்குக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத பக்தி.

இதற்கு எதிர்முனையில் உ.வே.சாமிநாதையரை வைக்கலாம். அவர் கையில் கிடைத்த ஏடுகள் இந்தக் காரைவிட மோசமான நிலையில் இருந்தவை. அவரும் புதுப்பித்தார். ஆனால் பாடபேதம் இருந்த இடத்தில் பாடபேதம் என்று அடியில் குறித்தார். தனக்குப் பிடித்த பாடத்தை மேலே வைத்துவிட்டு, பிடிக்காததை மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கவில்லை. பதிப்பு என்பதற்கும் பளபளப்பு என்பதற்கும் உள்ள தூரம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சர்க்காரும் இப்போது இதில் ஒரு நிலை எடுத்திருக்கிறது. 2021-ல் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதிந்து, எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளைத் தருகிறார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் இவற்றில் பெருத்த மாறுதல் கூடாது. அசல் என்ற சொல்லை விதி சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. கூரையில்லாத, ட்ரையம்ஃப் என்று எழுதிய இந்த வண்டிக்கு அசல் எது? காவன்ட்ரியின் வரைபடமா, 1965-ல் பெருங்களத்தூர் வாசலைத் தாண்டிய உருவமா, நடுவில் ஏதோ ஒரு டாக்டரும் அவருக்குப் பின் ஒரு வாடகைக்காரரும் ஓட்டித் தேய்த்த அறுபது வருஷமா? எனக்கு இந்த மூன்றில் நடுவிலுள்ளதுதான் அசல். ஏனெனில் அங்கேதான் 'வ' என்ற எழுத்தைப் போட்ட ஒரு கை இருக்கிறது.

5

இதையெல்லாம் பட்டறைக்காரரிடம் சொன்னேன். இந்த அளவு நீளமாக அல்ல. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு பளபளப்பு வேலையாகிவிடும்.

"நீங்க சொல்றது நியாயம் சார். ஆனா வாங்கறவன் மெட்ராஸ் வண்டிக்குத் துட்டு குடுக்க மாட்டான். இங்கிலீஷ்காரன் வண்டின்னாத்தான் குடுப்பான். அவன் சொந்த ஊர் எதுன்னு அவனுக்கே புடிக்கலை. நான் இன்னா பண்றது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. திருவொற்றியூரில் 1956 முதல் செய்துவந்த புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் 1970-ஐ ஒட்டி மூடப்பட்ட பிறகும் அதன் பெயரைக் காப்பாற்றியது சென்னைத் தொழிலாளிகள்தான். 1977-ல் இங்கிலாந்துக்கே திருப்பி ஏற்றுமதியும் செய்தார்கள். ஆனாலும் அந்தப் பெயரின் மதிப்பு இன்றும் இங்கிலாந்தில் பிறந்தது என்பதில்தான் பாதி தொங்குகிறது. பெயரைக் காத்தவனுக்குப் பெயர் இல்லை. இலக்கியத்தில் மட்டும் நாம் என்ன செய்தோம்? ஒரு தமிழ்க் கவிதையைப் பாராட்ட வேண்டுமானால் எந்த ஐரோப்பியக் கவியைப் போல இருக்கிறது என்று சொல்லாமல் நம்மில் எத்தனை பேரால் ஒரு பத்தி எழுத முடிந்தது? என் பழைய விமர்சனங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஏராளமான ட்ரையம்ஃப் எழுத்துகளை நானே ஒட்டியிருக்கிறேன். அவர் விலைக்குச் செய்தார். நான் எதற்குச் செய்தேன் என்று யோசித்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இது: "ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு, 948 சி.சி., சென்னை பெருங்களத்தூரில் 1965-ல் செய்தது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடிப்படையான வண்டி. கூரை கழற்றப்பட்டிருக்கிறது, கூரையும் ஆணிகளும் பத்திரமாக உள்ளன. கீழ்பென்னாத்தூரில் புதுப்பிக்கப்பட்டது." கூடவே, தகட்டை எஞ்சின் அறையில் அதன் பழைய துளைகளில் திரும்பப் பொருத்தும்படி கேட்டேன். தலையைச் சொறிந்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, திருகுளியை எடுத்தார். முன்னாலிருந்த ட்ரையம்ஃப் எழுத்துகளை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. "முகத்துல ஓட்டை விழுந்துடும் சார்" என்றார்.

தை பிறந்து சில நாளில் வண்டி விற்றது. வாங்க வந்தவர் முன்மூடியைத் தூக்கினார். ஹெரால்டில் அது முன்புறம் முழுவதும் ஒரே துண்டாக எழுந்து கவிழும். பார்க்க அழகான காட்சி. அவர் எஞ்சினைப் பார்த்தார், தகட்டைப் படித்தார், நிமிர்ந்தார். பேரம் அங்கிருந்து இறங்க ஆரம்பித்தது. எனக்கு இதைச் சொன்னது பட்டறைக்காரர்தான். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"உங்க ஒரு வரி எனக்கு நாப்பதாயிரம் சார்."

என் எழுத்தின் எந்த வரிக்கும் இதுவரை யாரும் விலை சொன்னதில்லை. சொன்ன முதல் விலையும் இன்னொருவர் பையிலிருந்து போயிற்று. அவர் மகள் திருவண்ணாமலையில் கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் பணம் எதற்காக என்று எனக்குத் தெரியும். அந்த வரி சரியான வரி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

என் மோட்டார் சைக்கிளை இப்போதும் அவரிடம்தான் விடுகிறேன். போன வாரம் போனபோது அடைகாத்த கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. கூரையைக் காணவில்லை. கேட்டேன். வாங்கினவர் கூரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பழைய இரும்புக்கு எடை போட்டுப் போட்டாயிற்று என்றார்.